குளிர் விடும்போது பாஸ் எங்கே நிற்கும்?

பனிக்காலம் முடிந்து நாலு நாள் நல்ல வெயில் அடித்ததும் பாஸ் என்ற நன்னீர் மீனைத் தேடும் தூண்டில்காரர்களுக்குக் கை பரபரக்க ஆரம்பித்துவிடும். ராடைத் துடைப்பது, ரீலுக்கு எண்ணெய் விடுவது, பழைய லைனை உருவிப் போட்டுப் புது லைன் சுற்றுவது என்று ஒரு வாரம் போகும். அப்புறம் நேராக ஏரிக்குப் போய், போன கோடையில் மீன் கிடைத்த அதே இடத்தில் நின்று நாள் முழுக்க வீசிவிட்டு, “இன்னும் சீசன் ஆரம்பிக்கலை” என்று சொல்லிக்கொண்டு திரும்புவார்கள். சீசன் ஆரம்பித்திருக்கும். நின்ற இடம்தான் சரியில்லை.

என்னைக் கேட்டால், வசந்தத் தொடக்கத்தில் எந்த லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை), என்ன நிறம் என்று நடக்கும் பேச்சில் முக்கால்வாசி வீண். ஏரியின் பெரும்பகுதி அப்போது காலியாகத்தான் கிடக்கும். மீன் எல்லாம் சில இடங்களில் கூடி நிற்கும், அந்த இடத்தில் சுமாரான லூரைப் போட்டாலும் எடுக்கும், மற்ற இடத்தில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லூரை ஆட்டினாலும் ஒன்றும் நடக்காது. அதனால் இந்தப் பதிவு முழுக்க இடத்தைப் பற்றித்தான். பாஸ் என்று நான் சொல்வது பெரும்பாலும் பெரிய வாய் கொண்ட வகையான லார்ஜ்மவுத் பாஸை. அதன் உறவான ஸ்மால்மவுத் பற்றிப் பின்னால் கொஞ்சம் வரும். கடலில் கிடைக்கும் பாஸ் முற்றிலும் வேறு மீன், அதை இங்கே குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதலில் தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் அது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும். பாஸ் மாதிரி மீனுக்கு உடம்புச் சூடு என்று தனியாக ஒன்று கிடையாது, தண்ணீர் என்ன சூட்டில் இருக்கிறதோ அதுதான் அதன் சூடு. தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகக் கனமாக இருக்கும், அதனால் கடுங்குளிரில் மேற்பரப்பு உறைந்தாலும் அடியில் 4 டிகிரியை ஒட்டிய தண்ணீர் தங்கிவிடும். பாஸ் அங்கே போய் அதிகம் அசையாமல், அதிகம் தின்னாமல் குளிரைக் கழிக்கும். பனி விட்டு வெயில் ஏறும்போது கதை தலைகீழாகிறது: ஆழம் அப்படியே குளிர்ந்து கிடக்க, ஆழமில்லாத ஓரத் தண்ணீர் சீக்கிரம் சூடாகிறது. தோராயமாக 8, 9 டிகிரி வந்ததும் மீன் மெல்ல இடம் மாறத் தொடங்கும், 10 முதல் 14 வரை முட்டைக்கு முந்தைய அகோரப் பசி, 15, 16 தாண்டி நிலைத்துவிட்டால் முட்டையிடும் வேலை. இந்த எண்கள் ஏரிக்கு ஏரி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் வரிசை மாறாது.

ஆக, நாம் தேடுவது சூடான தண்ணீரை. ஆனால் அது மட்டும் போதாது, இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். முழங்கால் ஆழத்தில் பரந்து கிடக்கும் ஒரு திடல் எல்லாவற்றுக்கும் முன்னால் சூடாகிவிடும், தெர்மாமீட்டரைப் போட்டால் ஆசையாக இருக்கும், ஆனால் பக்கத்தில் ஆழம் இல்லாவிட்டால் அங்கே பெரிய மீன் இருக்காது. இந்தப் பருவத்தில் இன்று வெயில், நாளை உறைபனி. பாஸுக்கு ஓடி ஒளிய ஒரு பள்ளம் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். சூடும் ஆழமும் ஒன்றையொன்று தொடும் இடம், அதுதான் இடம். குளிர்காலத்தில் தங்கிய ஆழத்துக்கும் முட்டையிடப் போகும் ஆழமில்லாத மேட்டுக்கும் நடுவில், படிக்கட்டு திரும்பும் இடத்தில் இருக்கும் தட்டு மாதிரி சில நிறுத்தங்கள் உண்டு. மீன் மேலே ஏறும்போது அங்கே நின்று நின்றுதான் ஏறும், குளிர் திரும்பினால் அங்கேதான் இறங்கி வரும்.

அந்த நிறுத்தங்களை வீட்டில் உட்கார்ந்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். ஆழக் கோடுகள் போட்ட ஏரி வரைபடம் ஒன்று வேண்டும், போனிலேயே இப்போது கிடைக்கிறது. முதலில் முட்டையிடும் இடத்தைக் குறியுங்கள்: காற்று அடிக்காத சிறு குடாக்களின் உட்பகுதி, ஓரிரு மீட்டருக்குள் ஆழம், அடியில் சரளையோ கெட்டி மணலோ. அப்புறம் அந்தக் குடாவின் வாய்க்குப் பக்கத்தில் உள்ள ஆழமான பள்ளத்தைக் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவில் விரலை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே வாருங்கள். கோடுகள் ஒன்றோடொன்று நெருங்கி வந்தால் அங்கே செங்குத்தான சரிவு. கோடு தண்ணீருக்குள் மூக்கு நீட்டினால் அது ஒரு நிலமுனை. நீர்த்தேக்கமாக இருந்தால் அணை கட்டுமுன் ஓடிய பழைய ஓடையின் தடம் உள்ளே வளைந்து வளைந்து போகும், அந்த வளைவு எங்கே கரையை வந்து உரசுகிறதோ அங்கே ஒரு குறி போடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு போடலாம். குடாவின் வாயில் இருக்கும் பெரிய முனையில் பருவத்தின் ஆரம்பத்தில் மீன் நிற்கும், சூடு ஏற ஏற உள்ளே இருக்கும் சின்ன முனைகளுக்கு நகரும். ஒரே குடாவுக்குள் இரண்டு மூன்று இடம் இப்படிக் கிடைத்துவிடும்.

குளிர்காலத்தில் தண்ணீர் மட்டத்தை இறக்கிவிடும் நீர்த்தேக்கங்கள் பக்கத்தில் இருந்தால் அது பெரிய அதிர்ஷ்டம். வரைபடம் காட்டாத மரக்கட்டை, கற்குவியல், பழைய வேலித் தூண், சின்ன வாய்க்கால் எல்லாம் வெட்டவெளியில் கிடக்கும். ராட் இல்லாமல் வெறும் போனோடு போய்ப் படம் எடுத்து வந்தால், தண்ணீர் ஏறிய பிறகு உங்களுக்குத் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியாது.

சரி, இப்போது வரைபடத்தில் நிறையக் குறி விழுந்திருக்கும். அதில் முதலில் எங்கே போவது? வெயிலைக் கேளுங்கள். பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கும் நாடுகளில் வசந்தத் தொடக்கத்தில் சூரியன் தெற்கே சாய்ந்தே போகும், அதனால் ஏரியின் வடகரைக்குத்தான் அதிக நேரம் நேர் வெயில், தென்கரை அதன் மேட்டு நிழலிலும் மர நிழலிலும் கிடக்கும். குளிர்ந்த வடகாற்றையும் வடகரை மறைத்துவிடுகிறது. தென்னாப்பிரிக்கா மாதிரி தெற்கே பாஸ் பிடிப்பவர்கள் இதை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளவும். கரையோரம் பனி முதலில் எங்கே உருகியது, புல் முதலில் எங்கே பச்சையாகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும், திசைகாட்டி கூட வேண்டாம்.

காற்று விஷயத்தில் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வெதுவெதுப்பான காற்று இரண்டு நாள் ஒரே பக்கம் அடித்தால் மேலே சூடான தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய் எதிர்க்கரையில் குவித்துவிடும். அந்தக் கரை பிரமாதமாக இருக்கும், அலை அடிக்கிறதே என்று ஒதுங்க வேண்டாம். அதே காற்று குளிர்காற்றாக இருந்தால் மேல்தண்ணீரைக் கலக்கிச் சேர்த்த சூட்டையும் கெடுத்துவிடும், அப்போது ஒதுக்குப்புறமான மூலைதான் கதி.

அடுத்தது அடித்தரையும் தண்ணீரின் நிறமும். கறுப்புச் சேறு வெயிலை இழுத்து வைத்துக்கொள்ளும், வெளிர் மணல் அவ்வளவு இழுக்காது. லேசாகக் கலங்கிய தண்ணீர் கண்ணாடித் தண்ணீரை விடச் சீக்கிரம் சூடாகும், ஏனென்றால் மிதக்கும் துகள்கள் வெயிலை மேலேயே பிடித்துக்கொள்கின்றன. ஒரே ஏரியில் ஒரு கிளை தெளிவாகவும் இன்னொரு கிளை தேநீர் நிறத்திலும் இருந்தால் நான் யோசிக்காமல் இரண்டாவதுக்குத்தான் போவேன். ஆனால் பால் ஊற்றிய மாதிரி குளிர்ந்த கலங்கல் வேண்டாம், அது கையை நனைத்துப் பார்த்தாலே தெரியும். பாறை, கல் அடுக்கிய கரை, பாலத்தின் காங்கிரீட் தூண், இவையெல்லாம் பகலில் வாங்கிய சூட்டைச் சுற்றியுள்ள தண்ணீருக்குக் கொடுக்கும். அணையின் கல்கட்டுக் கரையை நிறையப் பேர் கண்டுகொள்வதே இல்லை. கிரேஃபிஷ் (இறால் மாதிரியான நன்னீர் உயிரி) பதுங்கும் கல்லிடுக்குகள் அங்கே, காலடியிலேயே ஆழம், வெயில் நேராக விழும் கரையாக இருந்துவிட்டால் வேறென்ன வேண்டும்? விழுந்த மரத்திலும் இதே கணக்குத்தான். அடி கரையிலும் நுனி ஆழத்திலுமாகச் சரிந்து கிடக்கும் மரம் ஒன்று, ஓரத்தில் முழுசாக நனைந்து கிடக்கும் பத்து மரத்துக்குச் சமம்.

தெர்மாமீட்டர் பற்றி ஒரு வார்த்தை. படகில் இருக்கும் கருவி காட்டுவது மேல்தோல் தண்ணீரின் சூட்டைத்தான். காற்றில்லாத மதியத்தில் அந்த மேல்தோல் நன்றாகப் பொய் சொல்லும். சாதாரணத் தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி ஒரு மீட்டர் கீழே விட்டு, கொஞ்ச நேரம் வைத்திருந்து பார்த்தால்தான் நிஜம் தெரியும். ஏரியின் நடுவில் ஒரு தடவை, குடாவின் வாயில் ஒரு தடவை, உள்ளே ஒரு தடவை. எண் எவ்வளவு என்பதை விட ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியம். நடுவில் 8, உள்ளே 10 என்றால் அந்த 2 டிகிரிக்காக மீன் கிளம்பி வந்திருக்கும்.

எனக்குப் பழக்கமான ஒரு குடாவில் நடப்பதைச் சொல்கிறேன். காலையில் அங்கே போனால் செத்த இடம். தண்ணீர் கண்ணாடி, ஒரு சின்ன மீன்கூட அசையாது. பத்து மணிக்கு வெயில் மரங்களுக்கு மேலே வந்து வடக்கு மூலையில் விழும். பன்னிரண்டு மணிவாக்கில் அந்த மூலையில் பொடி மீன்கள் மேற்பரப்பில் புள்ளி புள்ளியாய்த் தட்ட ஆரம்பிக்கும், மழைத்தூறல் என்று நினைத்து வானத்தைப் பார்ப்போம், மேகமே இருக்காது. ஆமைகள் கட்டைமேல் ஏறும். இரண்டு மணிக்கு மேல் முனைக்கும் மூலைக்கும் இடையில், ஓடைத்தடம் கரையைத் தொடும் அந்தப் பத்தடி நீளத்தில், வீசினால் லைன் லேசாகப் பக்கவாட்டில் நகரும். தட்டல் எதுவும் கையில் தெரியாது, லைன் மட்டும் நகரும். அதுதான் கடி. குளிர்ந்த தண்ணீரில் பெரிய பெண் மீன் இப்படித்தான் எடுக்கும். நாலரை மணிக்கு மேடு நிழலைப் போட்டதும் கடை மூடிவிடும்.

அதனால்தான் இந்தப் பருவத்தில் விடியற்காலை எழுந்து ஓடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கோடையில் விடியல் தங்கம், இப்போது மதியம் இரண்டிலிருந்து நான்கு தங்கம். நன்றாகத் தூங்கி எழுந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். இன்னொன்று, பகல் வெயிலை விட இரவுக் குளிரைக் கவனியுங்கள். ஒரு நாள் பகல் 20 டிகிரி அடித்து ராத்திரி உறைந்துவிட்டால் சேர்த்ததெல்லாம் போய்விடும், மூன்று நாலு இரவு தொடர்ந்து கதகதப்பாக இருந்தால்தான் ஏரியின் சூடு நிஜமாக ஏறும். வேலைக்கு லீவு போடுவதாக இருந்தால் அந்த நாலாவது நாளுக்குப் போடுங்கள்.

குளிர் அலை திரும்பி வந்த மறுநாள்தான் சோதனை. வானம் பளிச்சென்று நீலமாக, காற்று வறண்டு, பார்க்க அழகாக இருக்கும், மீன் வாயைத் திறக்காது. அது ஏரியின் அந்தப் பக்கம் ஓடிவிடவில்லை. நேற்று நின்ற இடத்துக்கு அடுத்த சரிவில் இரண்டு மூன்று மீட்டர் இறங்கியிருக்கும், இல்லை கட்டைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். புது இடம் தேடி அலைவதை விட அதே இடத்தில் ஆழத்தை மட்டும் மாற்றுவது மேல். லூரைச் சின்னதாக்கி, வேகத்தைப் பாதியாக்கி, அப்புறம் அதையும் பாதியாக்க வேண்டும். பொறுமை இல்லாவிட்டால் அன்று வீட்டிலேயே இருந்துவிடலாம், அதுவும் நியாயமான முடிவுதான்.

நீர்ச்செடி இருக்கும் ஏரி என்றால் தேடல் இன்னும் சுலபம். பனிக்காலத்தில் பெரும்பாலான செடி செத்து அழுகிவிடும், ஆனால் அங்கங்கே சில திட்டுகள் பச்சையாகவே தப்பிக்கும். அவற்றைக் கண்ணால் பார்க்க முடியாது, கொக்கிதான் சொல்ல வேண்டும். லிப்லெஸ் கிராங்க்பெய்ட் (முன்னால் தகடு இல்லாத, மீன் வடிவ லூர்) மாதிரி ஒன்றை வீசி, செடியின் தலையை உரசும் அளவுக்கு இழுத்துக்கொண்டு வாருங்கள். சிக்கினால் வெடுக்கென்று ஒரு சுண்டு. பழுப்பாக, வழவழவென்று, மூக்கைப் பிடிக்கும் நாற்றத்தோடு ஏதாவது வந்தால் கிளம்பிவிடுங்கள், அழுகும் செடி சுற்றியுள்ள ஆக்சிஜனைத் தின்றுகொண்டிருக்கிறது. சுண்டும்போது படக்கென்று முறிந்து, கொக்கியில் விறைப்பாக, பச்சைப் பசேலென்று ஒரு துண்டு வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். அந்தத் திட்டில் பொடி மீன் இருக்கும், அதன் ஓரத்தில் பாஸ் இருக்கும். பெரும்பாலும் செடியிலிருந்து லூர் விடுபட்டுத் துள்ளும் அந்த நொடியிலேயே அடிக்கும்.

ஓடை வந்து விழும் இடங்களைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்வார்கள், இரண்டும் உண்மைதான். வெதுவெதுப்பான மழை பெய்து ஓடையில் வரும் தண்ணீர் ஏரியை விடச் சூடாக இருந்தால், புழுவும் பூச்சியும் சேர்ந்து வருவதால் அந்த வாய் விருந்துதான். மலைப் பனி உருகி வரும் ஓடை என்றால் ஐஸ் தண்ணீர், அங்கிருந்து தள்ளியே நில்லுங்கள்.

லூர் பற்றிப் பேசமாட்டேன் என்று சொன்னாலும் கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியாது. இடத்தைத் தேடும்போது லிப்லெஸ் கிராங்க்பெய்ட் அல்லது மெதுவாகச் சுற்றும் தகடு வைத்த ஸ்பின்னர்பெய்ட், கிடைத்த பிறகு எடை வைத்த கொக்கியான ஜிக், தண்ணீர் தெளிவாக இருந்தால் நடுத்தண்ணீரில் மிதந்து நிற்கும் ஜெர்க்பெய்ட். ஜெர்க்பெய்ட்டை இரண்டு சுண்டு சுண்டிவிட்டு அப்படியே விட வேண்டும், பத்து எண்ணுங்கள், தண்ணீர் ரொம்பக் குளிராக இருந்தால் இருபது எண்ணுங்கள். கடி எப்போதும் அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான். சிவப்பு, பழுப்பு நிறங்கள் இப்போது நன்றாக எடுபடுவது கிரேஃபிஷ் வளையை விட்டு வெளியே வரும் காலம் என்பதால் என்பார்கள். இருக்கலாம், எனக்கு அதில் பெரிய பிடிவாதம் இல்லை.

படகு இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி, வருடத்தில் கரையிலிருந்து பெரிய மீன் பிடிக்க இதுதான் காலம். மீன் நம் பக்கம் வருகிறது. ஆனால் போனதும் நடு ஏரியைப் பார்த்து வீசும் பழக்கத்தை விட வேண்டும். தண்ணீருக்குப் பத்தடி தள்ளியே நின்று, கரையோடு கரையாக, கரைக்கு இணையாக வீசுங்கள். பாஸ் உடம்பின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு அதிர்வைப் பிடித்துவிடும், கல்லில் தடதடவென்று இறங்கினால் அதற்குத் தெரியும். போலரைஸ்டு கண்ணாடி போட்டுக்கொண்டால் தண்ணீரின் பளபளப்பு போய், ஆழம் மாறும் கோடு நிறமாற்றமாகவே தெரியும்.

ஸ்மால்மவுத்தைத் தேடுபவர்கள் சேற்றையும் செடியையும் மறந்துவிட்டு, பாறையும் சரளையும் உள்ள முனைகளைப் பாருங்கள். ஆற்றில் என்றால் நீரோட்டம் முகத்தில் அடிக்காத மடுக்கள், பெரிய பாறைக்குப் பின்னால் உள்ள தேக்கம். மற்றபடி சூடும் ஆழமும் சேரும் கணக்கு அதற்கும் அதேதான்.

விதிமுறை இடத்துக்கு இடம் மாறும். சில பகுதிகளில் முட்டையிட்டு முடியும்வரை பாஸ் பிடிக்கவே தடை, சில இடங்களில் பிடித்தவுடன் விட்டுவிட வேண்டும். போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டை சுமந்த பெண் மீனை நனைந்த கையால் பிடித்து, வாயோடு சேர்த்து வயிற்றையும் தாங்கி, ஒரு படம் எடுத்துவிட்டு உடனே விடுங்கள். கூட்டின் மேல் நிற்கும் ஆண் மீனைச் சீண்டாமல் இருப்பது என் வழக்கம், அதை அங்கிருந்து எடுத்த சில நிமிடத்திலேயே ப்ளூகில் போன்ற சின்ன மீன்கள் புகுந்து முட்டையைத் தின்றுவிடும். உயிர்காப்பு ஜாக்கெட் கட்டாயம், காற்றில் 18 டிகிரி இருந்தாலும் தண்ணீரில் 9 டிகிரிதான், விழுந்தால் முதல் மூச்சே திணறும்.

தண்ணீர் 16 டிகிரியில் நிலைத்துவிட்டால் இந்த நிறுத்தங்கள் திடீரென்று காலியாகும். மீன் மேட்டுக்கு ஏறிவிட்டது, அவ்வளவுதான். வரைபடத்தில் போட்ட குறிகளை மட்டும் அழித்துவிடாதீர்கள், முட்டையிட்டு முடித்த பெண் மீன்கள் ஆழத்துக்கு இறங்கும்போதும் அதே முனைகளிலும் அதே ஓடை வளைவுகளிலும்தான் கொஞ்ச நாள் தங்கும், வந்த வழியே தலைகீழாக, முதலில் உள்முனை, அப்புறம் குடாவின் வாய்.